பட்டமா, ஆய்வகப் பயிற்சியா? வேதியியல் துறைக்குள் நுழைய எது சரியான வழி?

இளவேனில்:
என் தம்பி பள்ளிப் படிப்பை முடித்துவிட்டான். வேதியியல் என்றால் அவனுக்கு உயிர். இப்போது அவன் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மூன்று வருட இளங்கலை வேதியியல். இன்னொன்று, மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருட அப்ரண்டிஸ் பயிற்சி. மாத உதவித்தொகை உண்டு, தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை, முடிவில் சான்றிதழ். அவன் பயிற்சிக்குத்தான் ஆசைப்படுகிறான். வீட்டில் எல்லாரும் "டிகிரி இல்லாமல் எப்படிப் பிழைப்பாய்" என்கிறார்கள். நான் படித்தது வணிகவியல், இந்தத் துறை எனக்குப் புரியாது. உள்ளே இருப்பவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.

பியூரெட்:
தாராளமாகப் பயிற்சிக்கு அனுப்புங்கள் சகோதரி. நான் அந்த வழியில் வந்தவன். 17 வயதில் ஆய்வகத்துக்குள் போனேன், 26 வருடம் ஆகிவிட்டது.

முதல் மாதம் எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்றுதான். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் தயாரித்து அதன் செறிவைக் கண்டுபிடிக்க வேண்டும். எவ்வளவு எடை போட்டுக் கரைத்தோமோ அதுதானே செறிவு என்று நினைத்தேன். என் மேற்பார்வையாளர் ஒரு வாட்ச் கிளாஸில் நாலு வில்லைகளைப் போட்டுவிட்டு, "கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்" என்றார். வந்து பார்த்தால் வில்லைகள் வியர்த்து, ஈரத்தில் பளபளத்துக்கொண்டிருந்தன. காற்றில் இருக்கும் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொண்டே இருக்கும் பொருளை எடை போட்டு என்ன பயன்? அதனால்தான் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை உலர்த்தி, அதை எடை போட்டு, அதற்கு எதிராக டைட்ரேஷன் செய்கிறோம், அதாவது நிறம் மாறும்வரை கரைசலைத் துளித்துளியாக விட்டு அளக்கிறோம். நிறங்காட்டியான பினாப்தலீன் வெளிர் இளஞ்சிவப்பாக மாறி அரை நிமிடம் நிற்க வேண்டும். அடர்ந்த நிறம் வந்துவிட்டால் தாண்டிவிட்டாய் என்று அர்த்தம், கொட்டிவிட்டுத் திரும்பச் செய். மூன்று முறை ஒத்துப்போகும் அளவு வரும்வரை அவர் விடமாட்டார்.

புத்தகத்தில் இது அரைப் பக்கம். கைக்கு வர எனக்கு ஒரு மாதம் ஆனது. எங்களிடம் சேரும் பட்டதாரிகள் பலர், கல்லூரியில் நாலு பேருக்கு ஒரு பியூரெட் (கரைசலைத் துளித்துளியாக விடும் அளவுக் குழாய்) என்று பழகியவர்கள். ஒருவர் குழாயைத் திறப்பார், மற்ற மூவரும் அளவை எழுதிக்கொள்வார்கள். அவர்களுக்கு நாங்கள் முதலிலிருந்து சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

வெண்முகில்:
பியூரெட் ஐயா சொன்ன ஒவ்வொரு வரியும் உண்மை. ஆனால் அதிலிருந்து அவர் வரும் முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. நான் முனைவர் பட்டம் முடித்து, ஆய்வகத்தில் உருவான தயாரிப்பு முறையை ஆலைக்குக் கொண்டுபோகும் குழுவில் இருக்கிறேன்.

கைப்பழக்கம் முதல் ஐந்து வருடத்துக்குக் கை கொடுக்கும். அப்புறம்? எச்பிஎல்சியில், அதாவது கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் கருவியில், இதுவரை வராத ஒரு சிறிய பீக் (வரைபடத்தில் ஒரு பொருளைக் காட்டும் முகடு) வருகிறது என்று வையுங்கள். அது எந்த மூலக்கூறு, தயாரிப்பின் எந்தப் படியில் பிறந்தது, வெப்பநிலையைக் குறைத்தால் போகுமா, கரைப்பானை மாற்றினால் போகுமா? இதற்கு மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் வரைபடத்தைப் படிக்கத் தெரிய வேண்டும், வினை எந்த வழியில் நடக்கிறது என்று மனதில் ஓட்டிப் பார்க்கத் தெரிய வேண்டும். அது வருடக்கணக்கில் உட்கார்ந்து படித்தால்தான் வரும். ஷிஃப்ட் முடிந்து களைத்து வருகிற பையன் குவாண்டம் வேதியியல் படிப்பான் என்று நம்புவது அவனுக்கு நாம் செய்யும் அநியாயம்.

இன்னொன்று, அந்தத் தொழிற்சாலை நாளைக்கு மூடப்பட்டால்? ஒரு நிறுவனம் கொடுத்த சான்றிதழை இன்னொரு நிறுவனம் மதிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பட்டம் எங்கே போனாலும் கூடவே வரும். 17 வயதில் எதற்குக் கதவுகளை மூட வேண்டும்?

பியூரெட்:
வெண்முகில், அந்தப் புதிய பீக் உங்கள் மேசைக்கு வருவதற்கு முன்னால் யார் கையைத் தாண்டி வருகிறது? அது உண்மையில் மாசுதானா, முந்தைய மாதிரியின் மிச்சமா, சரியாகக் கழுவாத குப்பியா, கருவிக்குள் பொருள்களைப் பிரிக்கும் குழாயே (column) கெட்டுவிட்டதா என்று முதலில் பார்ப்பவர்கள் நாங்கள். வெறும் கரைப்பானை மட்டும் செலுத்திப் பார்ப்போம். அதிலும் அதே இடத்தில் பீக் வந்தால் அது உங்கள் மூலக்கூறு இல்லை. பம்பு அழுத்தம் ஏறி இறங்கினால் உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறதா என்று பார்ப்போம். இந்தச் சோதனையைச் செய்யத் தெரியாதவர் கொடுத்த எண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் ஒரு மாதம் வினை வழியை யோசித்தால் அந்த மாதம் வீண்.

வரலாற்றையும் பாருங்கள். மைக்கேல் ஃபாரடே 1805-ல் புத்தகம் கட்டும் கடையில் ஏழு வருடப் பயிற்சிக்குச் சேர்ந்தவர். வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் உரைகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, அழகாகக் கட்டி அவருக்கே அனுப்பி, 1813-ல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் ஆனார். 1825-ல் பென்சீனைப் பிரித்தெடுத்தவர் அவர்தான். ஸ்வீடனின் ஷீலே 14 வயதில் மருந்துக்கடையில் பயிற்சிக்குப் போனவர். 1774-ல் குளோரினை முதலில் தயாரித்தது அவர். இருவரும் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் இல்லை.

வெண்முகில்:
ஃபாரடேயைச் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். நானும் அவரை வணங்குகிறவன்தான். ஆனால் முழுக் கதையையும் பாருங்கள். ஃபாரடேவுக்குக் கணிதம் வராது. காந்தப் புலம் பற்றி அவர் கண்ணால் கண்டதைச் சமன்பாடாக எழுத, முறையாகக் கணிதம் படித்த மாக்ஸ்வெல் வர வேண்டியிருந்தது. அதோடு, ஃபாரடே காலத்தில் பயிற்சிக்குப் போன ஆயிரக்கணக்கான பையன்களில் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? ஒரு மேதையைக் காட்டி ஒரு சாதாரணப் பையனின் வாழ்க்கையை முடிவு செய்யக் கூடாது. இளவேனிலின் தம்பி மேதையாக இல்லாவிட்டாலும் நன்றாக வாழ வேண்டும். எனக்கு அதுதான் முக்கியம்.

பியூரெட்:
கணித விஷயம் நியாயம், ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் அந்தக் குறை உண்டு. முறையில் ஏதாவது மாற்ற வேண்டும் என்றால் புள்ளியியல் தெரிந்த ஒருவரிடம் போய் நிற்பேன். ஆனால் கற்றுக்கொள்ள வயது தடையில்லை.

புதுவரவு:
அக்கா, நான் இப்போது பயிற்சியில் இரண்டாம் வருடம் இருக்கிறேன். இங்கே இருவரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சேரும்போது வாரம் ஒரு நாள் வகுப்பு என்றார்கள். முதல் ஆறு மாதம் நான் செய்தது குடுவை கழுவுவதும் மாதிரிப் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டுவதும்தான். கழுவுவதைக் குறைவாகச் சொல்லவில்லை. தண்ணீர் சுவரில் படலமாக ஓட வேண்டும், துளியாக நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது என்று கற்றுக்கொண்டது அங்கேதான். ஆனால் அதற்கு ஆறு மாதம் தேவையில்லை. சரக்கு அனுப்பும் நெருக்கடி வந்தால் வகுப்பு நாள் போய்விடும். போன வருடம் பாதி வகுப்புகள் நடக்கவே இல்லை. கேட்டால், "வேலைதானே பெரிய பாடம்" என்பார்கள். என்னோடு சேர்ந்த ஒருவர் எட்டு மாதத்தில் விட்டுப் போய்விட்டார்.

பிறகு ஒரு மூத்த பகுப்பாய்வாளர் என்னைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். இப்போது கார்ல் ஃபிஷர் கருவியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், மாதிரியில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று சொல்லும் கருவி. இப்போது எனக்கு இந்த வேலை மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் இது அந்த ஒருவரின் நல்ல மனதால் நடந்தது. அவர் இல்லையென்றால் நானும் போயிருப்பேன்.

வெண்முகில்:
தம்பி, இதை வெளியே சொன்னதற்கு நன்றி. என் பயம் இதுதான்.

பியூரெட்:
படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. இதைப் பயிற்சி என்று நான் ஒப்பவே மாட்டேன், குறைந்த கூலிக்கு ஆள் வைப்பது இது. என் மேற்பார்வையாளர் மாதிரி ஒருவர் எல்லா இடத்திலும் இருப்பார் என்று நினைத்துவிட்டேன்.

தீக்காப்பு:
நான் ஆலைப் பாதுகாப்பில் இருக்கிறேன். இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு சம்பவம் சொல்கிறேன்.

2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகத்தில் 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவர், காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தை சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தார். பிஸ்டன் வெளியே வந்துவிட்டது. அவர் ஆய்வக அங்கி அணிந்திருக்கவில்லை. உடை தீப்பற்றி, 18 நாள் கழித்து இறந்தார். அவர் வேதியியல் பட்டம் பெற்றவர். சரியான பயிற்சி கொடுக்காததும் சேர்த்து, பணிப் பாதுகாப்புத் துறை பல்கலைக்கு அபராதம் போட்டது. பட்டம் மட்டும் போதாது என்று பியூரெட் ஐயா சொல்வதற்கு இதைவிடக் கொடுமையான சாட்சி எனக்குத் தெரியாது.

இன்னொன்று, 2007 டிசம்பர் 19, ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் டி2 லேபரட்டரீஸ். பெட்ரோலில் சேர்க்கும் ஒரு மாங்கனீசுச் சேர்மத்தைத் தயாரித்தார்கள். குளிர்விக்கும் அமைப்பு வேலை செய்யவில்லை, வினை கட்டுமீறி உலை வெடித்தது, நாலு பேர் இறந்தார்கள். நிறுவனத்தை நடத்தியவர்கள் ஒரு வேதியியலாளரும் ஒரு வேதிப்பொறியாளரும். அதற்கு முன்னால் நூற்றுக்கும் மேற்பட்ட முறை அதே தயாரிப்பை எடுத்த அனுபவம் அங்கே இருந்தது. படிப்பும் இருந்தது, கைப்பழக்கமும் இருந்தது, ஆனால் வினை கட்டுமீறும் அபாயத்தை அவர்கள் உணரவில்லை. விசாரணைக்குப் பிறகு, வினை அபாயங்களை வேதிப்பொறியியல் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் பரிந்துரைத்தது.

உலையைப் பெரிதாக்கினால் கொள்ளளவு ஆயிரம் மடங்கு ஆகும்போது வெப்பம் வெளியேறும் சுவர்ப்பரப்பு நூறு மடங்குதான் கூடும். குடுவையில் சாதுவாக இருந்த வினை உலையில் அடங்காமல் போவது இதனால்தான். இதை வால்வைத் திருப்பும் ஆபரேட்டரும் தெரிந்திருக்க வேண்டும், முறையை எழுதும் முனைவரும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே அந்தப் பயிற்சியில் "ஏன்" என்று சொல்லித்தர நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒதுக்கவில்லை என்றால் அனுப்ப வேண்டாம். நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

பியூரெட்:
தீக்காப்பு சொல்வது சரி. இதை ஒழுங்காகச் செய்யும் நாடு இருக்கிறது. ஜெர்மனியில் கெமிலபோரன்ட் என்ற ஆய்வகப் பணிக்கு மூன்றரை வருடப் பயிற்சி. நிறுவனத்தில் வேலை, தொழிற்பள்ளியில் பாடம், இரண்டும் சேர்ந்தே நடக்கும். தேர்வை நிறுவனம் நடத்துவதில்லை, வெளியே தொழில் வர்த்தக சபை நடத்துகிறது. அதனால் ஒரு நிறுவனம் மூடினாலும் சான்றிதழ் செல்லும். மேலே படித்து மைஸ்டர் என்ற உயர் தொழில் தகுதி பெற்றால் அந்நாட்டின் தகுதிச் சட்டகத்தில் இளங்கலைக்குச் சமமான 6-ஆம் நிலை. 2009-க்குப் பிறகு மைஸ்டர்கள் பல்கலைக்கழகத்திலும் சேரலாம். நீங்கள் சொன்ன மூடிய கதவு அங்கே திறந்திருக்கிறது வெண்முகில்.

வெண்முகில்:
அப்படிப்பட்ட பயிற்சி என்றால் என் எதிர்ப்பில் பாதி போய்விடும். ஆனால் இளவேனிலின் தம்பிக்கு முன்னால் இருப்பது அந்தப் பயிற்சியா, புதுவரவு சொன்ன பயிற்சியா? அது தெரியாமல் "தாராளமாக அனுப்புங்கள்" என்று நீங்கள் முதல் நாளே சொன்னது அவசரம்.

பியூரெட்:
அவசரம்தான். திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

இளவேனில்:
எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று தம்பியோடு அந்த நிறுவனத்துக்குப் போய்வந்தேன். உங்கள் கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன்.

முதல் வருடம் ஈரமுறைப் பகுப்பாய்வு (டைட்ரேஷன் போலக் கரைசலை வைத்துக் கையால் செய்யும் சோதனை), இரண்டாம் வருடம் கருவிகள், மூன்றாம் வருடம் முன்னோடி ஆலை (சிறிய அளவில் தயாரித்துப் பார்க்கும் ஆலை) என்று சுழற்சி உண்டாம். வாரம் ஒரு நாள் தொழில்நுட்பக் கல்லூரியில் வகுப்பு, அது ஒப்பந்தத்தில் இருக்கிறது. தேர்வை அந்தக் கல்லூரி நடத்துகிறது. முடித்தால் அங்கேயே டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். புதுவரவு சொன்னதை நினைத்துக்கொண்டு, "வேலை நெருக்கடியால் வகுப்பு நாள் தவறினால் ஈடு உண்டா?" என்று கேட்டேன். அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டு, இதுவரை யாரும் கேட்டதில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றார். இப்போது பயிற்சியில் இருப்பவர்களோடு தனியாகப் பேச விட்டார்கள். மூன்று பேரில் இருவர் நன்றாக இருக்கிறது என்றார்கள், ஒருவர் ஒன்றும் சொல்லவில்லை. தம்பிக்கு ஆசை குறையவில்லை.

புதுவரவு:
அக்கா, ஒன்றும் சொல்லாத அந்த ஒருவரோடு இன்னொரு முறை, வேலை இடத்துக்கு வெளியே பேசிப் பாருங்கள்.

வெண்முகில்:
ஈடு பற்றிய பதில் எழுத்தில் வரும்வரை கையெழுத்துப் போட வேண்டாம். நான் இன்னமும் பட்டம்தான் என்பேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அவன் போவதாக முடிவெடுத்தால் கணிதத்தை விட வேண்டாம் என்று சொல்லுங்கள். மடக்கை, வரைபடச் சாய்வு, திட்டவிலக்கம், இந்த மூன்றும் முதல் வருடத்திலேயே தேவைப்படும். வாரம் ஐந்து கணக்கு நான் அனுப்புகிறேன், தனிமடலில் முகவரி கொடுங்கள்.

பியூரெட்:
சேர்ந்தால் முதல் நாளே ஒரு தைத்த நோட்டு வாங்கிக் கொடுங்கள் சகோதரி, தாள் கிழிக்க முடியாத நோட்டாக. பக்கத்துக்கு எண் போடட்டும், பேனாவில் எழுதட்டும். எண் தவறினால் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், தேதி, கையொப்பம். அடித்த எண்ணும் படிக்கத் தெரிய வேண்டும். என் முதல் நோட்டில் 11-ஆம் பக்கம் முழுக்க அடித்த கோடுகள்தான், அதை இன்னும் வைத்திருக்கிறேன்.