உப்பமைவா, உவர்ப்பொறையா, பழகலா?

மொழிபெயர்ப்பாளர், மந்தைவெளி:

குழுவினருக்கு வணக்கம். மீன் வளர்ப்போருக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன்; வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நன்னீரில் வளர்ந்த திலேப்பியாவை, உப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டிய நீரில் வைத்துவந்தால், சில நாள்களில் அது கடல்நீரில் வாழும் நிலைக்கு வந்துவிடுகிறது. அந்த மாற்றத்துக்கு ஒரு சொல் தேவை. ‘தகவமைப்பு’ என்று எழுதி அடித்துவிட்டேன். அது ஓர் இனம் பல தலைமுறைகளில் அடையும் மாற்றத்துக்கு நிலைத்துவிட்ட சொல். இங்கே மாறுவது ஒரே மீன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருவல்லிக்கேணி:

‘உவர்ப்பொறை’ என்று வைக்கலாம். உவர் என்பது உப்பையும் உப்புப் பூத்த நிலத்தையும் குறிக்கும். வண்ணார் துணி வெளுக்கப் பயன்படுத்தியது உவர்மண். கடலுக்கே உவரி என்று பெயர் உண்டு. உவர்த்தல் என்ற வினைக்கு வெறுத்தல் என்றும் பொருள் இருப்பதால், தனக்கு ஒவ்வாததைப் பொறுத்துக்கொள்ளும் மீனின் நிலை முழுவதும் இச்சொல்லுக்குள் அடங்குகிறது. சுமையைத் தாங்குவதும் பொறைதான், பிழையைத் தாங்குவதும் பொறைதான். சவ்வூடு பரவலுக்கு இலங்கைப் பாடநூல்கள் வைத்த ‘பிரசாரணம்’ போன்ற வடசொல்லை ஒட்டி எதையும் ஆக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

விலங்கியல் ஆசிரியை, அடையாறு:

ஐயா, மீன் பொறுத்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை என்பதுதான் என் தடை. எலும்பு மீன்களின் குருதியில் உள்ள உப்பின் செறிவு கடல்நீரில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. நன்னீரில் இருக்கும்போது சவ்வூடு பரவலால் நீர் உடலுக்குள் புகுந்துகொண்டே இருப்பதால், மீன் நீரை அதிகம் குடிக்காமல், நீர்த்த சிறுநீரை ஏராளமாகக் கழித்து, இழந்த உப்பைச் செவுள்களின் வழியே ஈர்த்துக்கொள்கிறது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீரில் இவை அனைத்தும் தலைகீழாகின்றன. உடலின் நீர் வெளியேறுகிறது, மீன் கடல்நீரைக் குடிக்கத் தொடங்குகிறது, சிறுநீர் சுருங்குகிறது, உப்பை உள்ளே இழுத்த செவுளே இப்போது அதை வெளியே தள்ளுகிறது. விலாங்கின் செவுளில் இவ்வேலையைச் செய்யும் குளோரைடு செல்களைக் கீஸ், வில்மர் என்ற ஆய்வாளர்கள் 1932-இல் விவரித்தார்கள். கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் சுரந்து, அத்தகைய செல்கள் பெருகிப் புதிய வேலைக்கு மாறுவதற்குத்தான் அந்தச் சில நாள்கள் தேவைப்படுகின்றன. வெளியே எவ்வளவு உப்பு இருந்தாலும் உள்ளே அளவு குலையாமல் காப்பதே இதன் சாரம். ‘உப்பமைந் தற்றால் புலவி அதுசிறிது மிக்கற்றால் நீள விடல்’ என்ற குறளில் (1302) உப்பு அளவாக அமைவதைச் சொல்ல வந்த சொல்லே நமக்குப் போதும்: ‘உப்பமைவு’.

தமிழாசிரியர்:

அம்மா, குறளில் வருவது ‘உப்பு அமைந்தற்று’ என்னும் எழுவாய்த்தொடர். அதைத் தொகையாக்குவதைக்கூட ஏற்கலாம். ஊடலுக்கு வந்த உவமையைச் செவுளுக்கு ஏற்றுவது எனக்கு உவப்பாக இல்லை.

பண்ணை ஆலோசகர், பழவேற்காட்டில் பணி:

உப்பமைவு என்றால் குழம்பில் உப்புச் சரியாக இருக்கிறது என்றுதான் எங்கள் ஆள்கள் நினைப்பார்கள். உவர்ப்பொறையிலோ வேறு சிக்கல் உண்டு. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயரிலேயே உவர்நீர் என்பது கடல்நீரையும் நன்னீரையும் விட்டு இடைப்பட்ட நீரைக் குறிக்கிறது. மேலும் கொடுவா மீனை நினையுங்கள். குஞ்சு பொரிப்பது கடல்நீரில். பின்னர் உப்பைக் குறைத்துக் குறைத்து நன்னீர்க் குளத்துக்குக் கொண்டுவருகிறோம். அதற்கு எந்தப் பொறை? நாங்கள் இரண்டையும் ‘பழக்குதல்’ என்றே சொல்கிறோம். கட்லாவும் ரோகுவும் முழுக் கடல்நீருக்குப் பழகா என்று சொன்னாலும் எல்லாருக்கும் புரிகிறது.

விலங்கியல் ஆசிரியை:

பழக்குவது பண்ணையாளர் செய்வது. மீனின் உடலுக்குள் நடப்பதற்கும் அதே சொல்லை வைத்தால், என் வகுப்பில் ‘பழக்கம்’ என்று எழுதும் மாணவர், காலையில் காப்பி குடிக்கும் பழக்கத்தோடு அதைச் சேர்த்துவிடுவார். மீன் தானே பழகுவதைச் சொல்லும் ‘பழகல்’ என்றால் உடன்படுகிறேன், அரை மனதோடு.

மொழிபெயர்ப்பாளர்:

கருத்துச் சொன்ன எட்டுப் பேரில் ஐவர் ‘பழகல்’ பக்கம் நிற்கிறார்கள்; அவர்களிலும் இருவர், விவாதம் முடிந்தால் போதும் என்றே எழுதியிருக்கிறார்கள். ஆகவே, பண்ணையாளர் செய்வது ‘உப்புநீருக்குப் பழக்குதல்’, மீன் அடைவது ‘உப்புநீர்ப் பழகல்’ என்று பிரித்துவிட்டேன். செவுளின் வேலையை விளக்கும் பத்தியில் மட்டும் ‘உப்பமைவு’ ஒருமுறை வருகிறது. கொடுவாப் பகுதிக்கு ‘நன்னீர்ப் பழகல்’ என்று இப்போதைக்கு இட்டிருக்கிறேன்.

தமிழாசிரியர்:

‘பழகல்’ எதிர்மறை வியங்கோளாகவும் நிற்கும் என்பதை யாரும் கவனிக்கவில்லை. ‘உப்புநீர்ப் பழகல்’ என்ற தலைப்பைப் படிக்கும் மீன், பழகாதே என்று பொருள் கொள்ளக்கூடும். என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்க.