திருகோணமலையில் ஆவணிச் சாமத்திய வீடு: வெயில், கச்சான் காற்று, 250 பேர் சாப்பாடு. எப்படி ஒழுங்கு செய்வது?

பாலையூற்று_வளவு (கேள்வி)

வணக்கம் உறவுகளே. மகளுக்குப் 12 வயது, பெரியபிள்ளையாகிவிட்டாள். முதல் தண்ணீர் வார்ப்பு வைகாசியில் வீட்டோடு முடிந்தது, குருக்கள் வந்து புண்ணியாகவாசனமும் (வீட்டுத் துடக்குக் கழிக்கும் கிரியை) செய்துவிட்டார். பெரிய சடங்கை மட்டும் கனடா, லண்டனில் இருக்கிற மாமன்மாரும் சித்தப்பா குடும்பமும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு வரும்போது வைக்க விரும்புகிறோம். மண்டபம் வேண்டாம், வீட்டு வளவிலேயே. வளவில் இரண்டு வேம்பும் ஒரு மாமரமும் நிற்கின்றன, நிலம் மணல். ஏறத்தாழ 250 பேர், மதியம் மரக்கறிச் சாப்பாடு.

எந்த நாள் பார்ப்பது, பந்தல் எப்படிப் போடுவது, அரிசி காய்கறி எவ்வளவு எடுப்பது என்று தெரிந்தவர்கள் அளவோடு சொல்லுங்கள். பின்னேர விழாவாக வைத்தால் வெயில் குறையும் என்று வீட்டில் ஒரு கதை ஓடுகிறது. அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

---

கோணைக்கரை

நாளிலிருந்து தொடங்குங்கோ. ஆடி பிறக்கிறது ஜூலை 17 அளவில், முடியிறது ஓகஸ்ட் 16 அளவில். எங்கட ஆக்கள் ஆடியில நல்ல காரியம் வைக்கமாட்டினம். ஆனி கடைசியில வைக்கலாமெண்டால் லண்டன் பள்ளிக்கூடங்கள் ஜூலை மூன்றாம் நாலாம் கிழமையிலதான் மூடும், அவை வந்து சேரமாட்டினம். கனடாப் பிள்ளையளுக்குச் செப்டெம்பர் முதல் திங்கள் கழிய பள்ளி தொடங்கும். ஆகவே உங்களுக்கு மிஞ்சுறது ஓகஸ்ட் 17க்கும் மாத முடிவுக்கும் இடையில ரெண்டு கிழமைதான். அதுக்குள்ள வாற ஞாயிறுகளைக் குருக்களிட்டக் காட்டி அட்டமி, நவமி, கரிநாள் கழிச்சுப் பாருங்கோ. பிள்ளையின்ர நட்சத்திரத்துக்குச் சந்திராட்டமமும் பார்க்கவேணும்.

ஞாயிறு ஏன் வசதி எண்டால், ராகுகாலம் பின்னேரம் 4.30 – 6.00, எமகண்டம் 12.00 – 1.30. காலை முழுக்கத் தடையில்லை. பின்னேரம் வைக்கப் போனால் சரியா வெயில் தணியிற நேரத்தில ராகுகாலம் குறுக்க நிக்கும். ஆறு மணிக்குப் பிறகு ஆலாத்தி தொடங்கினால் சாப்பாடு ஒன்பதரைக்குப் போகும். சின்னப் பிள்ளையளோட தூரத்தில இருந்து வாறவைக்கு அது கரைச்சல்.

மற்றது தங்குமிடம். மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் எங்கட பக்கம் கடல் அமைதி, அதுதான் இங்க சீசன். நிலாவெளி, உப்புவெளி, அலஸ்தோட்டம் எல்லாம் ஓகஸ்டில நிரம்பும், விலையும் ஏறும். நாள் குறிச்ச அண்டே அறையைப் பிடிச்சு வையுங்கோ. கட்டுநாயக்காவில இருந்து வானில வாறவை ராத்திரி ஓட்டம் ஓடாமல் விடியப் புறப்படுறது நல்லது. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில இரவில யானை றோட்டைக் கடக்கும். ஆறு மணித்தியாலம் எண்டு கணக்கு வைக்கச் சொல்லுங்கோ.

---

பந்தற்கால்

கச்சானை விட்டுவிட்டுப் பந்தல் பேசமுடியாது. ஓகஸ்டில் மேற்கு, தென்மேற்கிலிருந்து காய்ந்த காற்று புழுதியோடு அடிக்கும். முற்பகல் பத்துக்குப் பிறகு வேகம் எடுக்கும், பொழுது சாயத்தான் அடங்கும். மண்டபத்தில் வைப்பவர்களுக்கு இது தெரியாது. வளவில் வைப்பவர்களுக்கு ஆலாத்தித் திரி அணையும், மணவறைத் துணி கிழியும், சோற்றில் மண் விழும்.

மேற்குப் பக்கத்தைப் படங்கால் (தார்ப்பாயால்) நிலத்திலிருந்து 6 அடி உயரம் வரைக்கும் மட்டும் மறையுங்கள். கூரை வரை இழுத்துக் கட்டினால் காற்று அதில் முட்டி முழுப் பந்தலையும் தள்ளும். மேலே திறந்திருந்தால் காற்று வழிவிட்டுப் போகும், உள்ளே சூடும் தங்காது. உங்கள் நிலம் மணல் என்றீர்கள், அதனால் ஒரு அடிக் குழி போதாது. கால் ஒவ்வொன்றும் 2 அடி இறங்கவேண்டும், அடியில் கல் போட்டு இறுக்கி, மூலைக்கால் நான்குக்கும் மண் மூட்டை வைத்துக் கயிறு இழுங்கள். இழுகயிற்றை மரத்தில் கட்டாதீர்கள். கிளை ஆட ஆடக் கயிறு தளரும்.

தகரக் கூரை என்றால் அதற்குக் கீழே ஒன்றரை அடி இடைவெளி விட்டு வெள்ளை கட்டுங்கள். தகரத்தோடு ஒட்டிக் கட்டினால் துணியும் சேர்ந்து சுடும். ஓரத்தில் 9 அடி உயரமாவது வேண்டும். பந்தி இரண்டாகப் பிரித்தால் ஒரு தடவைக்கு 125 பேர். மேசை கதிரையோடு ஆளுக்கு 12 சதுர அடி வைத்தால் 1500 சதுர அடி, அதாவது 30க்கு 50 அடி. மணவறைக்கு இது போக 12க்கு 8 அடி. அதன் முதுகு மேற்கே இருக்கட்டும்.

மின்சாரத்தில்தான் கனபேர் மாட்டுப்படுகிறார்கள். சாதாரண வீட்டு இணைப்பு ஒற்றைக் கட்டம், 30 அம்பியர். அது ஏழு கிலோவாற்றுக்கும் சற்றுக் குறைவு. படப்பிடிப்புக்காரர் 1000 வாற்று ஹலஜன் நான்கு கொண்டுவந்து, வீட்டுக்குள் இரண்டு ஏசி ஓடி, ஒலிபெருக்கியும் சேர்ந்தால் சடங்கு நடுவில் ட்ரிப் அடிக்கும். எல்ஈடி விளக்குத்தான் கொண்டுவரவேண்டும் என்று முதலே பேசுங்கள். மின்சாரச் செலவைவிட, அந்த ஹலஜன் சூட்டில் பிள்ளை வாடுவது பெரிய விசயம். மின்விசிறிகளுக்கும் ஒலிக்கும் தனி ஜெனரேற்றர் வைத்தால் இன்னும் நல்லது.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுக்கவேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை போடமுடியாது. பந்தல் ஒழுங்கைக்குள் நீளுமென்றால் அதற்கும் தனியாகக் கேளுங்கள்.

---

கிடாரம்

சாப்பாட்டுக் கணக்கு. சம்பா எண்டால் கிலோவுக்கு 8 பேர். 250 பேருக்கு 32 கிலோ எடுங்கோ. மைசூர்ப் பருப்பு 8 கிலோ. உருளைக்கிழங்கு 20 கிலோ, கத்தரிக்காய் 18 கிலோ (பொரிச்சால் பாதியாச் சுருங்கும், குறைச்சால் ரெண்டாம் பந்திக்கு இராது), போஞ்சி 14 கிலோ. வடை ஆளுக்கு ஒண்டு, கடலைப்பருப்பு 7 கிலோ. கிலோவுக்கு 40 வடை வரும், மிச்சம் பிள்ளையளுக்கு. அப்பளம் ஆளுக்கு மூண்டு. பாயாசத்துக்குச் சவ்வரிசி 3 கிலோ, சீனி நாலு கிலோவுக்குக் கிட்ட. தேங்காய் எல்லாத்துக்கும் சேர்த்து 75. தயிரைத் தம்பலகாமம், கிண்ணியாப் பக்கம் முதலே சொல்லி வையுங்கோ. சட்டித் தயிர் விடியக்காலமை வந்து இறங்கவேணும், முதல் நாள் இறக்கினால் அந்த வெக்கைக்குப் புளிச்சுப்போகும். மோர் ஆளுக்கு ஒரு குவளை எண்டு 40 லீற்றர்.

இனிப் பழுதாகிற கதை. இந்த வெயிலில சாப்பாடு ஏன் பழுதாகுது எண்டால், 32 கிலோவையும் விடிய ஆறு மணிக்கு ஒரேயடியா அவிச்சுக் கிடாரத்தில மூடி வைக்கினம். நடுவில சூடும் ஈரமும் அடைபட்டு, ஒரு மணிக்குத் திறக்கேக்க அடிச்சோறு குழைஞ்சு புளிச்ச மணம் வரும். மூண்டு தரமா அவியுங்கோ, ஒரு தரம் 11 கிலோவுக்குக் கிட்ட. முதலாவது பத்தரைக்கு முதல் இறங்கத் தேவையில்லை. ரெண்டாம் பந்திச் சோறு முதல் பந்தி இருக்கேக்க இறங்கட்டும், இலையில ஆவி பறக்கும்.

கறியிலயும் ஒரு ஒழுங்கு இருக்கு. கத்தரிக்காய்ப் பொரியல், போஞ்சி வறை, புளி சேர்ந்தது எல்லாம் முதலில முடியலாம். தேங்காய்ப்பால் விட்ட கிழங்குக்கறியும் பருப்பும் கடைசி. பாலை முதல் நாளே பிழிஞ்சு வைக்கவே கூடாது. முதற்பாலை இறக்கிறதுக்குச் சற்று முன்னம் விட்டு, ஒரு நுரை வந்ததும் நெருப்பைக் குறையுங்கோ, கொதிச்சால் திரையும். பாயாசத்துக்கும் அதே கதைதான். வடைக்குக் கடலைப்பருப்பை விடிய நாலு மணிக்கு ஊறப்போட்டால் காணும், இராவிரவா ஊறினால் புளிப்பு ஏறி எண்ணெய் குடிக்கும்.

சமையல் கொட்டிலை வளவின்ர கிழக்கு மூலையில போடுங்கோ. காற்று மேற்கிலயிருந்து வாறபடியால் நெருப்புப் பொறி பந்தல் பக்கம் போகாது, புகையும் சனத்துக்கு அடிக்காது. விறகெண்டால் பக்கத்தில கிடுகு வேலி இருக்கக்கூடாது, ரெண்டு வாளி மண் எப்பவும் நிக்கவேணும். காஸ் எண்டால் 12.5 கிலோ சிலிண்டர் மூண்டு. அடுப்பைச் சுத்தித் தகரம் வைச்சு மறையுங்கோ, காத்துச் சுவாலையைச் சாய்ச்சால் ஒரு மணித்தியால வேலை ரெண்டாகும்.

தண்ணிதான் பெரிய சங்கதி. நகரத்துக்குக் குழாய்த் தண்ணி கந்தளாயிலயிருந்துதான் வருது, வறட்சிக் காலத்தில அழுக்கம் குறையும், மேட்டு நிலத்துக்கு ஏறாது. சமையல், கை கழுவல், கழிவறை எல்லாத்துக்கும் ஆளுக்கு 10 லீற்றர் வையுங்கோ, 2500 லீற்றர் வரும். ஆயிரம் லீற்றர்த் தாங்கி மூண்டு முதல் நாள் இரவே நிரம்பியிருக்கவேணும். பவுசரைச் சடங்கண்டு காலமை வரச்சொல்லாதேங்கோ, ஒழுங்கையில வாகனம் நிண்டால் உள்ளுக்கு வராது. குடிக்கிற தண்ணி வேற, அது ஆளுக்கு ஒரு லீற்றர்.

---

குத்துவிளக்கு

பந்தலும் சாப்பாடும் சொல்லிவிட்டார்கள். நான் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் முழு நாளும் அவளின் நேரக்கணக்கில்தான் ஓடவேண்டும்.

காலை 5.30க்கு அவளுக்கு இடியப்பமோ பிட்டோ வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள். அலங்காரம் தொடங்கினால் பிறகு ஒருவரும் சாப்பாடு கொடுக்கமாட்டார்கள். மயங்கி விழுவது வெறும் வயிறு, இறுக்கிக் கட்டிய உள்பாவாடைக் கயிறு, விளக்குச் சூடு மூன்றும் சேரும்போதுதான். 6.30க்குப் பாலறுகு: பால், அறுகம்புல், சில்லறைக் காசு. மூன்று, ஐந்து அல்லது ஏழு பேர் அவள் தலையில் வைத்தால் போதும். ஒற்றைப்படை இருந்தால் சரி, உறவு முழுக்க வரிசையில் நின்று வைக்கவேண்டியதில்லை. ஈரத் தலையோடு அவள் அரை மணி நேரம் நிற்கக்கூடாது. மாமன் தேங்காய் உடைத்துத் தண்ணீர் வார்த்ததும் உள்ளே அழைத்துத் தலையைத் துவட்டி உலர்த்துங்கள்.

8.30க்கு மணவறை. ஆலாத்தித் தட்டங்களை முன்னமே சோடி சோடியாக எழுதி வையுங்கள்: நிறைகுடம், குத்துவிளக்கு, பூ, பழம், பலகாரம், பன்னீர், வாழைப்பழத் துண்டில் திரி வைத்த தட்டம். 11 சோடிக்கு மேல் போகவேண்டாம். ஒரு சோடிக்கு இரண்டு நிமிடம் என்றாலும் படப்பிடிப்போடு நான்கு நிமிடமாகும். திரியை முதல் நாளே நல்லெண்ணெயில் ஊறவிட்டால் காற்றுக்கு எளிதில் அணையாது. 10 மணிக்கு ஆலாத்தி முடிந்தால் கச்சான் வேகம் எடுக்குமுன் முடித்துவிடலாம்.

உடுப்பு மாற்றம் இரண்டு போதும். நாலு சேலை மாற்றுகிற வழக்கம் மண்டபத்து ஏசிக்கு வந்தது, வளவுக்கு ஏற்றதல்ல. கனத்த பட்டுக் காலையில், அதன்பின் இலேசான பாவாடை தாவணி. 11 மணிக்கு அவள் வீட்டுக்குள் காற்றாடிக்குக் கீழே இருந்து தோழிகளோடு சாப்பிடட்டும். மல்லிகைச் சரத்தை ஈரத் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள், ஐஸோடு ஒட்டினால் கறுக்கும்.

அழைப்பிதழில் அவள் படம் போடுவது, சமூக வலைத்தளத்தில் காணொளி போடுவது எல்லாவற்றுக்கும் முதலில் அவளைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பள்ளியில் நாளைக்குப் போய் நிற்கப்போவது அவள்.

கடற்கரைப் படம் எடுக்க ஆசையென்றால் வேறொரு நாளில், உப்புவெளியில் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு. கரை கிழக்கே பார்ப்பதால் அந்நேர வெளிச்சம் நிலப்பக்கத்திலிருந்து வரும். கடலைப் பின்னால் வைத்து நின்றால் முகம் தெளியும், காற்றும் தணிந்திருக்கும்.

---

பாலையூற்று_வளவு

அனைவருக்கும் மிக்க நன்றி. பின்னேர யோசனையைக் கைவிட்டோம், காலைதான். இன்னும் இரண்டு கேள்வி. வந்தவர்களுக்குப் பலகாரப் பொதி கொடுக்க விரும்புகிறோம், எத்தனை நாளுக்கு முன் செய்யலாம்? அடுத்தது, எங்கள் ஒழுங்கையில் முஸ்லிம், சிங்களக் குடும்பங்களும் உண்டு. எல்லோரையும் அழைக்கிறோம், கவனிக்க என்ன இருக்கிறது?

---

கிடாரம்

முறுக்கு ரெண்டு கிழமைக்கு முதல் சுடலாம், காத்துப்புகாத தகர டப்பாவில. பயத்தம் உருண்டையும் அரியதரமும் நாலு அஞ்சு நாளுக்கு முதல். வடை, கொழுக்கட்டை பொதிக்குள்ள வேண்டவே வேண்டாம், வீடு போகமுதல் நூல் விடும். பயத்தம் உருண்டைக்கு வறுத்த பயற்றம்மா 1 கிலோவுக்குச் சீனி முக்காலிலிருந்து ஒரு கிலோ, தேங்காய் ரெண்டு, மிளகு ஏலம். 65 உருண்டை அளவில வரும், 250 பொதிக்கு 4 கிலோ மா. பூஞ்சணம் பிடிக்கிறது தேங்காய்ப்பூவாலதான். ஈரம் முழுக்கப் போய்ப் பொன்னிறமா வாசம் வரும்வரைக்கும் வறுக்கவேணும். பாகு முத்தினால் உருண்டை கல்லாகும், ஒரு கம்பிப் பதத்தில இறக்குங்கோ. பொரிச்சதைச் சுடச்சுடப் பொதியிறதும் பிழை, வேர்த்து ஊறும். ஒரு இரவு பாயில பரப்பி ஆறவிடுங்கோ.

---

கோணைக்கரை

மரக்கறிச் சாப்பாடு எண்டபடியால் முஸ்லிம் அயலவைக்குச் சங்கடமில்லை. கேக்கில, ஐஸ்கிறீமில ஜெலற்றின் இருக்கோ எண்டு மட்டும் பெட்டியில பாருங்கோ. சிங்கள அயலவைக்கு அழைப்பைச் சிங்களத்தில ஒரு துண்டிலயாவது எழுதிக் குடும்பமாப் போய்க் கையில குடுங்கோ. பெண்பிள்ளை பெரியபிள்ளையாகிறதை அவையும் கொண்டாடுறவை, ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒலிபெருக்கி எந்த நேரம் தொடங்கி எப்ப நிக்கும் எண்டதையும் அப்பவே சொல்லுங்கோ. ஒழுங்கையில வாகனம் நிப்பாட்டுறதை அயலில ஒரு தம்பியிட்டப் பொறுப்புக் குடுத்தால் நல்லது. வருத்தக்காரர் இருக்கிற வீட்டு வாசலை மறிக்காமல் ஒரு ஓட்டோ போற அளவுக்கு வழி எப்பவும் திறந்திருக்கவேணும்.