பான்ஷீ 350: இடது பிளக் மட்டும் வெள்ளை, இடது பைப் மட்டும் அதிக சூடு

மணல்மேடு87:
வண்டி 2004 யமஹா பான்ஷீ, ரெண்டு சிலிண்டர் டூஸ்ட்ரோக் இன்ஜின் வச்ச நாலு சக்கர மணல் வண்டி. சிலிண்டர், ஹெட், 26 எம்எம் மிக்குனி கார்ப் எல்லாம் கம்பெனியோடது. பைப் மாத்தியிருக்கு, ஏர்பாக்ஸ் எடுத்துட்டு ரெண்டு கார்புக்கும் தனித்தனி ஃபில்டர். மெயின் ஜெட் (கார்புல பெட்ரோலை அளந்து விடுற துளை) ரெண்டிலும் 280, ஐட்லிங்குக்கான பைலட் ஜெட் 27.5. பெட்ரோல், ஆயில் கலவை 32:1. ஓடுறது முழுக்க ஷார்ஜா பக்கம் பாலைவன மணல்ல.

கோல்டுல நல்லா ஸ்டார்ட் ஆகுது. பத்து நிமிஷம் ஓடி சூடானதும் ஐட்லிங் தானா ஏறுது. ஆக்சிலேட்டரை விட்டாலும் ஆர்பிஎம் உடனே இறங்காம மேலேயே நிக்குது. வலது பிளக் காப்பி நிறம், இடது பிளக் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. லேசர் தெர்மாமீட்டர் வச்சா இடது பைப் சுமார் 40 டிகிரி கூடக் காட்டுது. பிளக்கை இடம் மாத்தியும் பார்த்தாச்சு, வெள்ளை இடதுபக்கமேதான் வருது. கம்ப்ரஷன் இடது 120, வலது 122 பி.எஸ்.ஐ.

காயில் மாத்தணுமா? இல்ல இடதுக்கு மட்டும் 300 ஜெட் போட்டா சரியாகுமா?

டூஸ்ட்ரோக் பட்டறை:
ரெண்டுமே வேண்டாம். முக்கியமா அந்த 300 ஜெட்டைப் போட்டுடாதீங்க. ஒரே பைப், ஒரே ஃபில்டர், ஒரே கம்ப்ரஷன் இருக்கிற ரெண்டு சிலிண்டருக்கும் ஒரே ஜெட்தான் பொருந்தும். வித்தியாசம் தெரியுதுன்னா எங்கயோ கோளாறு இருக்கு. பெரிய ஜெட் போட்டா பிளக் நிறம் மாறி அந்தக் கோளாறு மறைஞ்சுடும், கொஞ்ச நாள்ல பிஸ்டன் பிடிச்சுக்கும்.

இந்த வண்டியில காயில் ஒண்ணுதான், அதுலேர்ந்து ரெண்டு பிளக்குக்கும் வயர் போகுது. ரெண்டும் ஒரே நேரத்துல ஸ்பார்க் அடிக்கும். கரண்ட் ஒரு பிளக் வழியா ஹெட்டுக்குப் போய் மறு பிளக் வழியா திரும்புது. அதனால ஒரு கேப்பைக் கழட்டி அந்தரத்துல விட்டுட்டு 'எந்த சிலிண்டர் வேலை செய்யல'ன்னு பார்த்தா ரெண்டு பக்கமும் தடுமாறும், காயிலும் போகும். கழட்டின கேப்புல வேற பிளக் மாட்டி அதை ஹெட்டுல தொட வச்சுதான் பார்க்கணும். அதோட ஸ்பார்க் பலவீனம்னா எரியாத பெட்ரோல் தங்கி பிளக் ஈரமா கறுப்பா வரும், வெள்ளையா வராது.

நீங்க சொன்ன மூணும் (வெள்ளை பிளக், கூடுதல் சூடு, இறங்காத ஆர்பிஎம்) சேர்ந்து வந்தா கார்புக்கு அப்புறம் எங்கயோ லீக் ஆகி வெளிக்காற்றை இழுக்குதுன்னு அர்த்தம். சந்தேகப்பட வேண்டிய இடங்கள்: இன்டேக் ரப்பர், ரெண்டு இன்டேக்கையும் இணைக்கிற குறுக்கு டியூப், ரீட் வால்வு கேஸ்கெட், சிலிண்டர் பேஸ் கேஸ்கெட், அப்புறம் மேக்னெட் பக்கத்து கிராங்க் சீல். மேக்னெட் இடதுபக்கம் இருக்கிறதால அந்த சீல் போனா இடது சிலிண்டர்தான் லீன் ஆகும் (காற்று கூடி பெட்ரோல் குறையும்). கிளட்ச் பக்கத்து சீல் போனா கதை வேற. கியர் ஆயிலை இழுக்கும், வெள்ளைப் புகை வரும், வலது பிளக் ஆயில்ல நனையும், கியர்பாக்ஸ்ல ஆயில் குறையும்.

லீக்கை எரியுற ஸ்ப்ரே அடிச்சுத் தேடாதீங்க. சூடான பைப்புக்குப் பக்கத்துல ஆபத்து, சின்ன லீக் தெரியவும் தெரியாது. பிரஷர் டெஸ்ட் பண்ணுங்க. ரெண்டு எக்ஸாஸ்ட் வாயையும் ரப்பர் அடைப்பான் வச்சு அடைங்க. கார்பைக் கழட்டி இன்டேக் ரப்பர் ரெண்டையும் அடைங்க, ஒண்ணுல மட்டும் காற்று ஏத்த ஒரு குழாய். குறுக்கு டியூபைக் கழட்டாதீங்க, அதையும் சேர்த்துதான் சோதிக்கணும். பிளக் இறுக்கமா இருக்கட்டும். 6 பி.எஸ்.ஐ. ஏத்தினா 6 நிமிஷம் நிக்கணும். 8-க்கு மேல போகாதீங்க, நல்லா இருக்கிற சீலும் கெட்டுடும். தனி மீட்டர் இல்லன்னா பிபி பார்க்கிற கருவியோட பம்பும் முள்ளும் போதும், அதுல 300 (மி.மீ. பாதரசம்) காட்டினா ஏறக்குறைய 5.8 பி.எஸ்.ஐ.

ஒரு சிலிண்டரை மட்டும் தனியா அடைச்சு சோதிக்க முடியாது. கிராங்க் நடுவுல இருக்கிறது லேபிரிந்த் சீல் (ரப்பர் உதடு இல்லாம, காடிகளால காற்றைத் தடுக்கிறது), அதுல காற்று மெதுவா அந்தப் பக்கம் போயிடும், இல்லாத லீக்கை இருக்கிற மாதிரி காட்டும்.

கார்ப்_கணேசன்:
பிரஷர் டெஸ்ட்டுக்கு எப்படியும் கார்ப் கழட்டப் போறீங்க, அப்பவே இதையும் பார்த்துடுங்க. ரெண்டு கார்புலயும் ஆக்சிலேட்டர் கேபிள் தூக்குற ஸ்லைடு ஒரே நொடியில எழும்புதான்னு பாருங்க. ஸ்லைடுக்கு அடியில ஒரே அளவு டிரில் பிட் ஒண்ணொண்ணு நிக்க வச்சு, லீவரை மெதுவா அழுத்தினா ரெண்டு பிட்டும் சேர்ந்து சாயணும். முன்னப் பின்ன இருந்தா கார்ப் மூடிமேல இருக்கிற கேபிள் அட்ஜஸ்டரைத் திருப்பி சரி பண்ணுங்க. டார்ஸ் பெட்டி (ஆக்சிலேட்டர் மாட்டிக்கிட்டா இன்ஜினை அடக்குற கம்பெனி பாதுகாப்பு சுவிட்ச்) இன்னும் மாட்டியிருந்தா இது ரொம்ப முக்கியம். லீவரை விட்டும் ஒரு ஸ்லைடு முழுசா மூடலன்னா அந்த சுவிட்ச் இக்னிஷனை வெட்டி மிஸ்ஸிங் காட்டும்.

ஜெட் ரெண்டும் ஒரே கம்பெனிதானா? ஒரே நம்பர் போட்டிருந்தாலும் வேற வேற தயாரிப்புல துளை ஒரே அளவா இருக்காது. ஜெட்டையும் ஊசியையும் இடம் வலம் மாத்தி ஓட்டிப் பாருங்க, கோளாறு கூடவே நகர்ந்தா ஜெட்தான் காரணம். கார்போட வெண்ட் டியூப் நுனியை மணல் அடைச்சாலும் அந்தப் பக்கம் மட்டும் பெட்ரோல் குறையும். சோக் ஒரு கார்புலதான் இருக்கு, அடுத்ததுக்குப் போற சின்ன ரப்பர் டியூப் வெடிச்சிருக்கான்னும் பாருங்க.

மணல்மேடு87:
ஸ்லைடு சமமா இருக்கு, ஜெட் ஒரே கம்பெனி. இடம் மாத்தியும் வெள்ளை இடதுலதான். பிரஷர் டெஸ்ட்ல 40 வினாடியில 6-லேர்ந்து 3-க்கு இறங்கிடுச்சு. சோப்புத் தண்ணி ஊத்தினதும் இடது இன்டேக் ரப்பர்ல, குறுக்கு டியூப் மாட்டுற மூக்கோட அடியில குமிழ் வந்தது. மயிரிழை அளவு வெடிப்பு. மேக்னெட் கவர் கழட்டிப் பார்த்தேன், சீல் பக்கம் குமிழே இல்ல. சிலிகான் தடவினா தாங்குமா?

டூஸ்ட்ரோக் பட்டறை:
தாங்காது. சாதா சிலிகானை பெட்ரோல் ஊற வச்சு உரிச்சுடும், துண்டு உடைஞ்சு ரீட் வழியா உள்ள போகும். வெடிப்பு மூக்கோட அடியில இருக்கிறதால குறுக்கு டியூபைக் கழட்டிட்டு மூக்குக்கு மூடி போட்டாலும் பயனில்ல. ரெண்டு ரப்பரையும் சேர்த்தே மாத்துங்க, ஒரே வயசு ரப்பர்தானே. சூடானதும்தான் ஆர்பிஎம் ஏறினதுக்குக் காரணமும் இதுதான்: ரப்பர் இளகினா வெடிப்பு வாய் திறக்கும்.

மாட்டுறதுக்கு முன்னாடி கண்ணாடிமேல 400 நம்பர் எமெரி ஷீட் ஒட்டி இன்டேக் முகத்தை லேசா தேய்ங்க. முழுப் பரப்பும் ஒரே மாதிரி மின்னலன்னா முகம் வளைஞ்சிருக்கு, சமமாகிற வரைக்கும் தேய்க்கணும். புது கேஸ்கெட், போல்ட்டை எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். ரீட் இதழைத் தூக்கிப் பிடிச்சு வெளிச்சத்துல பாருங்க, நுனி சிதறியிருந்தா மாத்திடுங்க. பிறகு மறுபடி பிரஷர் டெஸ்ட். ஒரு லீக் அடைபட்டதும் அடுத்தது தெரிய வரும், அதனால இதை விடாதீங்க.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இடது பைப்பைக் கழட்டி எக்ஸாஸ்ட் வாய் வழியா டார்ச் அடிச்சு பிஸ்டனைப் பாருங்க. மேலிருந்து கீழ கோடுகளும் அலுமினியம் தீத்தின மாதிரி பளபளப்பும் இருந்தா சிலிண்டரைத் தூக்கியாகணும். கம்ப்ரஷன் 120 காட்டினாலும் பிஸ்டன் உரசியிருக்க வாய்ப்பு உண்டு. ரிங்கை சின்ன மரக்குச்சியால அழுத்தினா உள்ள போய் திரும்பணும், அசையலன்னா காடியில ஒட்டிக்கிச்சு.

கார்ப்_கணேசன்:
ஒண்ணு சேர்த்துக்கிறேன். லீக் சரியானதும் புது பிளக் போட்டு, நாலாவது கியர்ல ஃபுல் ஆக்சிலேட்டர்ல ஓட்டி, கிளட்ச் பிடிச்சுக்கிட்டே சுவிட்சை அணைங்க. பீங்கானோட அடிவட்டத்துல இருக்கிற நிறத்தைத்தான் பார்க்கணும், நுனியை வச்சு முடிவு பண்ணக் கூடாது. ரெண்டும் ஒண்ணா இருந்தா 280 சரியான்னு அப்பதான் பேசலாம். அந்த 280 ஜூலை வெயில்ல வச்சதுன்னா ஜனவரி விடியக்காலை காற்று அடர்த்தி கூடி ரெண்டு பக்கமும் லீன் ஆகும். குளிர்காலத்துல ஒரு சைஸ் பெரிசா, ரெண்டு பக்கமும் சேர்த்து ஏத்திக்கோங்க.