நிற்கப் போகும்போது பெடல் துடித்தால் சென்சாரை மாற்றுவதா?

பல்சக்கரம்:
காய்ந்த ரோடு, லேசான பிரேக். வண்டி நிற்கப் போகும் கடைசி நொடியில் பெடல் கடகடவென்று துடிக்கிறது, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரியவில்லை. உடனே "வீல் ஸ்பீடு சென்சாரை (சக்கர வேகத்தை அளப்பது) மாத்து" என்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இல்லை. சென்சார் முனைக்கும் சக்கரத்தோடு சுற்றும் பல்வளையத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள்.

நேர்கம்பி:
ஒத்துக்க முடியாது. காயில் சென்சார் (கம்பிச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும் வகை) பழசானால் சிக்னல் பலவீனமாகும். ஓம் மீட்டரில் பாருங்கள், பல வண்டிகளில் 1000 முதல் 2000 ஓம் வரை காட்டும். இல்லையென்றால் மாத்த வேண்டியதுதானே?

பல்சக்கரம்:
ஓம் சரியாக இருந்தும் துடிக்குமே! காயிலில் பிறக்கும் மின்னழுத்தம் வேகத்தோடு ஏறி இறங்கும். மணிக்கு 5 கி.மீ. வாக்கில் எப்படியும் தேய்ந்துவிடும். சென்சார் உட்காரும் இடத்தில் துரு கட்டி அதை வெளியே தள்ளினால், 1 மி.மீ. இடைவெளி 2 ஆகிறது. அந்த ஒரு சக்கரத்தின் சிக்னல் மட்டும் மற்ற மூன்றுக்கும் முன்பே அறுந்துபோகும். ஏபிஎஸ் கன்ட்ரோல் யூனிட் அதைப் பூட்டிக்கொண்ட சக்கரம் என்று எடுத்துக்கொண்டு பிரேக் அழுத்தத்தை இறக்குகிறது. வேகமாக ஓடும்போது சிக்னல் ஒழுங்காக வருவதால் ஃபால்ட் கோடும் (யூனிட் பதிந்துவைக்கும் கோளாறு எண்) பதியாது.

ஹப்_பேரிங்:
ரெண்டு பேரும் பழைய வகையையே பேசுறீங்க. சிப் வைத்த புது வகையான ஆக்டிவ் சென்சாரில் ஓம் மீட்டரை வைக்கவே கூடாது, உள்ளே இருக்கும் சிப் போய்விடலாம். அது 7, 14 மில்லி ஆம்பியர் என்று மாறி மாறி மின்னோட்டம் தரும். வேகம் குறைந்தால் பலம் குறையாது.

பல்சக்கரம்:
சரிதான். ஆனால் அதிலும் வளையம் கெடும். பேரிங் சீலில் இருக்கும் காந்த வளையத்தில் கீறல் விழுந்தால் சுற்றுக்கு ஒரு துடிப்பு தவறும். பேரிங்கைப் பக்கம் மாற்றி அடித்து ஏற்றினால் சிக்னலே வராது, புது சென்சார் போட்டாலும்.

நேர்கம்பி:
அப்போ ஸ்டியரிங் திரும்பும்போது கேபிள் உள்ளே அறுந்து சிக்னல் விட்டுவிட்டு வருதே? நிறைய மாடலில் கேபிள் சென்சாரோடு சேர்த்தே வார்த்து வருது. முழுசா மாத்தித்தான் ஆகணும்.

பல்சக்கரம்:
அங்கே மாற்றுங்கள், தகராறே இல்லை. அது விளக்கைப் போட்டு கோடும் பதியும். நான் சொல்வது விளக்கு எரியாத துடிப்பு. ஸ்கேனரில் நாலு சக்கர வேகத்தையும் ஒரே கிராஃபில் போட்டு, 20 கி.மீ.யிலிருந்து மெதுவாக நிறுத்துங்கள். எது முந்திக்கொண்டு பூஜ்யமாகிறதோ அந்த சக்கரத்தில் துருவைச் சுரண்டிவிட்டு, வளையத்தை முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். சுரண்டாமல் புதுசு மாட்டினால் அதுவும் அதே 2 மி.மீ. தள்ளித்தான் உட்காரும்.