மேலவிளை வீட்டார் குழு: ஒரு சோஃபா, ரெண்டு மேசை

ஷீபா: [2 படங்கள்]

ஷீபா: ஹால் சோஃபாவுக்கு ரெண்டு பக்கமும் சைடு டேபிள் போடணும். முதல் படம் களியக்காவிளையில ஒரு பழைய சாமான் கடையில உள்ளது. டிராயர் வச்சது, ஈட்டி மரம்னு கடக்காரர் சொல்லுகாரு, 6,500. ரெண்டாவது புதுசு. இரும்புக் கால், மேல வெள்ளை மார்பிள். ஒண்ணு பழசு ஒண்ணு புதுசுன்னா சேராதுன்னு அத்த சொல்லுகாவ. ஒரே ஜோடி தான் வாங்கணுமா சித்தி?

லதா சித்தி: ஜோடி வேண்டாம் மக்ளே. மரம் மாறலாம், வயசு மாறலாம். உயரம் மாறப்பிடாது. சோஃபா கை தரையில இருந்து எத்தன இஞ்ச்? கண்ணளவு சொல்லாத, டேப் பிடி.

ஷீபா: கை 24. சோஃபா ஆழம் 34. அடியில 4 இஞ்ச் இடைவெளி.

லதா சித்தி: அப்போ மேசை 22ல இருந்து 24க்குள்ள. கையைவிட மேல எழும்பினா டம்ளர் எடுக்கும்போது முழங்கை விளிம்புல இடிக்கும். 20க்கு கீழ போனா ஒவ்வொரு தடவையும் குனியணும். ரெண்டு மேசைக்கும் 1 இஞ்ச் வித்தியாசம் ஆருக்கும் தெரியாது. 3 இஞ்ச் ஆச்சுன்னா சோஃபாவே ஒரு பக்கம் சரிஞ்சதுபோல இருக்கும். ஆழம் 28க்கு மேல வேண்டாம், முன்னால துருத்துனா முட்டில இடிக்கும்.

ஷீபா: பழையது 23. புதுசு 22, மேல்பலக 18க்கு 18.

லதா சித்தி: உயரம் கொள்ளாம், ரெண்டும் சேரும்.

ராஜன் மாமா: படத்தப் பாத்தா ஈட்டியா தோணல. சாயம் அடிச்ச பிலா, அதாவது பலா மரமா இருக்கலாம். மேல பாத்து ஒண்ணும் முடிவு பண்ணாத. டிராயர உருவி, அடிப்பலகையையும் பின்பக்கத்தையும் பாரு. அங்க பாலிஷ் இருக்காது. கடக்காரர்ட்ட கேட்டுட்டு பேனாக்கத்தியால ஒரு நூல் அளவு சுரண்டு. உள்ள மஞ்சள்னா பிலாவோ அயனிப்பலாவோ ஆக்கும். ஊதா கலந்த தவிட்டு நிறத்துல கருப்பு வரி ஓடினா ஈட்டி. தூக்கியும் பாக்கலாம். ஈட்டி கன அடிக்கு சுமார் 24 கிலோ வரும், தேக்கு 18 தான்.

ஷாஜி (துபாய்): ஈட்டின்னா எனக்கும் ஒண்ணு ஏத்தி விடுங்க மாமா 😄

ராஜன் மாமா: ஏத்த லேசில்ல மக்ளே. ஈட்டி இனம் முழுக்க 2017 ஜனவரியில இருந்து சைட்டிஸ் பட்டியல்ல உண்டு, அருகிவருத மரமும் விலங்கும் நாடு விட்டு நாடு போறத கட்டுப்படுத்துத ஒப்பந்தம் அது. கனமான சாமானுக்கு பர்மிட் பேப்பர் வேணும். தேக்குக்கு அந்த தொந்தரவு இல்ல.

ஷீபா: பிலான்னா வாங்காண்டாமா மாமா?

ராஜன் மாமா: ஏன்? நல்லா வைரம் பாஞ்ச பிலா எத்தன தலமுறைக்கும் நிக்கும். ஈட்டி விலை குடுக்காண்டாம், அவ்வளவுதான். பழசுல பைசா குடுக்கது மூட்டுக்காக்கும், மினுக்கத்துக்கு இல்ல. டிராயர் மூலையில டவ்டெயில் (புறா வால் போல பல்லு பல்லா கோத்த மூட்டு) வெட்டியிருக்கா, இல்ல ஆணி அடிச்சு ஒட்டியிருக்கா? கையால வெட்டுனதுன்னா பல்லு ஒண்ணுபோல இருக்காது, சின்னதும் பெருசுமா இருக்கும். ஸ்டார் ஸ்க்ரூ கண்டா பிற்காலத்துல ஆரோ கைவச்சிருக்கு. அது குற்றமில்ல, விலை குறைக்க ஒரு காரணம்.

ராஜன் மாமா: பின்ன எதிர்மூலை ரெண்டயும் பிடிச்சு பைய ஆட்டு. ஆடினா கழுந்து, அதாவது துளைக்குள்ள நுழையுத மர நாக்கு, லூசு. பழைய சாமான்ல வச்சிரப் பசை காய்ஞ்சு பொடிஞ்சிருக்கும். வெந்நீர் ஊத்தினா இளகும், மூட்ட கழட்டி பழைய பசைய முழுக்க சுரண்டணும், நல்லா காயவிட்டு ஃபெவிகால் போட்டு கிளாம்ப்ல 24 மணிக்கூர் விடணும். வச்சிரத்துக்கு மேலயே ஃபெவிகால் போட்டா பிடிக்காது. ஆணி அடிக்கவே அடிக்காத, கழுந்து பிளந்துரும். அதுக்குப் பிறகு சரிப்படுத்த வழியில்ல.

ஜினோ: உளுவ விட்டுட்டீங்களே மாமா, மரத்த துளைக்குத பூச்சிய. ஷீபாக்கா, காலுக்கு உள்பக்கம், டிராயர் ஓடுத கட்ட, இதையெல்லாம் டார்ச் அடிச்சு பாருங்க. மரத்துல வெளிர் நிறமா ஒரு பகுதி இருக்கும் பாருங்க, வெள்ளைன்னு சொல்லுவாவ, அங்கதான் மாவுச்சத்து இருக்கு, அத தேடித்தான் பூச்சி வருது. 1-2 மில்லிமீட்டர் ஓட்ட இருக்கும். ஓட்ட உள்ள கருத்து அழுக்கு அடைஞ்சிருந்தா பழைய கத. விளிம்பு கூர்மையா வெளுத்து இருந்தா, தட்டும்போது முகத்துக்குப் போடுத பவுடர் மாதிரி மாவு கொட்டினா, பூச்சி உயிரோட இருக்கு.

ஷீபா: உயிரோட இருந்தா விட்டுரணுமா?

ஜினோ: கால் உறுதியா இருந்தா விடாண்டாம். வீட்டுக்குள்ள கேத்தாம திண்ணையில வச்சு கருப்பு சார்ட் பேப்பர் விரிச்சு ஒரு வாரம் பாருங்க. மாவு விழுந்தா டெர்மினேட்டர்னு மரப்பூச்சி மருந்து வாங்கி ஊசியால ஒவ்வொரு ஓட்டயிலயும் ஏத்துங்க. கையுறை போடணும். பாலிஷ் இருக்க இடத்துல மருந்து இறங்காது, அதனால அடிப்பக்கமும் உள்பக்கமும் பிரஷ்ல அடிக்கணும். பாலித்தீன் சுத்தி 2 நாள் வச்சா மருந்து சட்டுன்னு காயாது. மண்ணெண்ணெய் ஊத்துவாவ சில பேர். அது ஆவியாப் போயிரும், பின்னால பாலிஷும் ஒட்டாது.

ஜினோ: பாலிஷ் என்னன்னும் தெரிஞ்சுக்கணும். அடியில ஸ்பிரிட் தொட்ட பஞ்ச வைங்க. பிசுபிசுத்தா அரக்கு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாம தின்னருக்கு இளகினா என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர். ரெண்டுக்கும் அசையலன்னா பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ். அரக்குக்கு மேல நேரா பி.யூ. அடிக்க சொல்லாதீங்க, தோல் உரியுதமாதிரி உரியும். சூடு டம்ளர் வச்ச வெள்ள வளையம் மட்டும்னா உப்புத்தாளே வேண்டாம். அரக்குப் படலத்துல ஈரம் சிக்கினது அது. துணியில ஸ்பிரிட் தொட்டும் தொடாம ஒரே இழுப்புல தடவினா போயிரும். நின்னு தேச்சா பாலிஷே கரைஞ்சிரும்.

ராஜன் மாமா: இன்னும் ஒண்ணு சொல்லணும். டிராயர் இறுகுதுன்னு இப்ப மழையில சீவ சொல்லாத. நம்ம பக்கம் ஜூன்லயும் மழ, ஐப்பசியிலயும் மழ, மரம் ஊதித்தான் இருக்கும். இப்ப சீவினா மாசியில லொடலொடன்னு ஆடும். மெழுகுதிரி தேச்சா போதும்.

லதா சித்தி: இனி புதுசு. வெள்ள மார்பிள் எனக்கு பிடிக்கல, சொல்லிப்புட்டேன். எலுமிச்ச சாறு பட்டா மினுக்கம் போயி தழும்பு விழும், மஞ்சப்பொடியும் தேயிலக் கறையும் உள்ள இறங்கும். சீலர் போட்டா கறை மெதுவா இறங்கும், புளிப்பு அரிக்கத தடுக்காது. அது கிடக்கட்டும், வலது பக்கம் சோஃபாவுக்கும் வாசலுக்கும் எத்தன இஞ்ச்?

ஷீபா: 32.

லதா சித்தி: 18 மேசைக்கு, 2 கைக்கும் மேசைக்கும் இடையில. மிச்சம் 12. ஆளு எங்க நடக்கும்? நடவழிக்கு 24ஆவது வேணும், 30 இருந்தா சுகம்.

ஷீபா: ஐயோ. அப்போ வலது பக்கம் ஒண்ணும் வைக்க முடியாதா?

லதா சித்தி: சி வடிவ மேசை வாங்கு. அடிக்கம்பி சோஃபாவுக்கு கீழ நுழையும், பலக கைக்கு மேல வந்து நிக்கும், நடவழியில 3-4 இஞ்ச் கூட எடுக்காது. உனக்கு அடியில 4 இஞ்ச் உண்டுல்லா, தாராளம். அயர்லாந்து டிசைனர் அய்லீன் கிரே 1927ல வரைஞ்ச ஈ-1027 மேசையும் இந்த வகதான், அது வட்டம், உயரம் ஏத்தி இறக்கலாம். இதுக்கு மட்டும் உயரக் கணக்கு வேற. கைக்கு மேல வரணும், அதனால 25-26.

ஷீபா: அதுலயும் மார்பிள் பாத்தேன் சித்தி.

லதா சித்தி: வேண்டாம். 18க்கு 18, 20 மில்லிமீட்டர் கல்லே 11 கிலோ. ஒரு பக்கம் மட்டும் கால் உள்ளதுல அந்த கனம் வச்சா, பிள்ளையோ பெரியவங்களோ கை ஊணினா கவிழும். மரப்பலக, 12க்கு 18 போதும். அதுவும் பழைய மேசை நிறத்துக்கு கிட்ட வரட்டும், அத்தைக்கும் சமாதானம்.

ஜினோ: மரப்பலகன்னு சொல்லி துகள்பலகையில ஃபாயில் ஒட்டி தருவாவ. அடியில ஸ்க்ரூ ஓட்டய பாருங்க, தவிடு மாதிரி தெரிஞ்சா விடுங்க. ஈரம் பட்டா விளிம்பு பப்படமா ஊதும். ரப்பர் மரம்னா மருந்தேத்தினதான்னு கேளுங்க, இல்லன்னா உளு முதல்ல அதத்தான் பிடிக்கும். இரும்புல வெல்டிங் மூலைய விரலால தடவுங்க. பவுடர் கோட்டிங் அங்க மெல்லிசா இருக்கும், துரு அங்கதான் தொடங்கும். தர தொடைக்க தண்ணி படும், அடியில ரப்பர் புஷ் இருக்கணும்.

ஷீபா: விளக்கு?

லதா சித்தி: இடது பக்கம், பழைய மேசை மேல மட்டும். சோஃபால உக்காந்தா கண்ணு தரையில இருந்து 40-42 இஞ்ச்ல வரும், ஷேடோட கீழ் விளிம்பு அங்க நிக்கணும். மேசை 23, அதனால அடியில இருந்து ஷேடு விளிம்பு வர 17-19 உள்ள விளக்கா பாரு. 2700 கெல்வின் பல்பு, மஞ்ச வெளிச்சம் தருதது. வெள்ள வெளிச்சத்துல பழைய பாலிஷ் சாம்பல் பூத்ததுபோல கிடக்கும். பிளக் பாயிண்ட் அந்தப் பக்கம் உண்டா?

ஷீபா: உண்டு, சோஃபாவுக்கு பின்னால. செரி, சனிக்கிழம களியக்காவிளைக்கு போறேன். விலை எத்தன பேசணும் மாமா?

ராஜன் மாமா: சுரண்டிப் பாத்து பிலான்னு தெரிஞ்சா 3,500ல தொடங்கு. டிராயருக்குள்ள ஒரு படம், கால் அடி ஒரு படம் எடுத்து இங்க போடு. அதுக்கு முன்ன அட்வான்ஸ் குடுக்காண்டாம்.

ஜினோ: டார்ச் எடுக்க மறக்காதீங்க, அந்த மாதிரி கடையில வெளிச்சம் இருக்காது.