குறைமாதப் பிள்ளையும் நஞ்சுக்கொடியும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

குடியாத்தத்திலிருந்து:
என் தங்கை ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஏழாம் மாதம் முகம், கை எல்லாம் வீங்கியது. பிள்ளைத்தாய்ச்சிக்கு நீர் கோப்பது சகஜம்தானே என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். செக்கப்பில் பி.பி. 160-ஐத் தாண்டியிருந்தது. டாப்ளர் ஸ்கேனில் தொப்புள்கொடி ரத்த ஓட்டம் குறைவு, பிள்ளையின் எடையும் குறைவு. வேலூருக்குக் கொண்டுபோய், 31 வாரத்திலேயே ஆபரேஷன்.

1,200 கிராம். இருப்பதிலேயே சின்ன டயபர் நெஞ்சு வரை ஏறி நின்றது. உச்சிக்குழியில் ஜெல் தடவி, அது வழியாகவே மூளையை ஸ்கேன் பார்த்தார்கள். ரத்தக்கசிவு இல்லை என்றதும்தான் எங்களுக்கு மூச்சு வந்தது.

வெளியே சொந்தக்காரர்கள், பப்பாளி தின்றாளா, கிரகணத்தில் வெளியே போனாளா என்று அவளைத்தான் குடைந்தார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நஞ்சுக்கொடி பதிகிற காலத்தில் கருப்பையின் ரத்தக்குழாய்கள் சரியாக விரிந்து கொடுக்கவில்லை, அதனால்தான் பிள்ளைக்கு ஆக்சிஜனும் சத்தும் போதவில்லை என்று டாக்டர் விளக்கினார். இதில் அவள் செய்த தப்பு என்ன? நஞ்சுக்கொடியை லேபுக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். அந்த ரிப்போர்ட் அடுத்த பிரசவத்துக்கும் உதவும்.

ஆற்காட்டிலிருந்து, ஓய்வுபெற்ற நர்ஸ்:
சரியாகச் சொன்னீர்கள் சகோதரி. இப்படிச் சீக்கிரம் பிரசவம் ஆகும் என்று தெரிந்தால், பிள்ளையின் நுரையீரலுக்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவோம். மெக்னீசியம் சல்பேட் தாய்க்கு வலிப்பு வராமல் தடுப்பதோடு, பிள்ளைக்குப் பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் கை கால் அசைவு தடைபடுவது) வரும் வாய்ப்பையும் குறைக்கிறது. நஞ்சுக்கொடி ஹார்மோனும் சுரக்கிறது. அதில் அலோபிரெக்னனலோன் என்ற ஒன்று கிடைக்காத எலிக்குட்டிகளுக்குச் சிறுமூளை வளர்ச்சியே மாறியதாக 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. மனிதருக்கும் அப்படியே என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ‘ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது’ என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் மூளைக்கு லாபம்.

வாலாஜாவிலிருந்து:
என் பையனும் இரண்டு மாதம் முந்திப் பிறந்தவன்தான். இன்னும் உட்காரவில்லையே என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிரசவத்துக்குக் குறித்துக்கொடுத்த தேதியிலிருந்துதான் வயதைக் கணக்கிட வேண்டும், இரண்டு வயது வரை அப்படித்தான் என்று டாக்டர் சொன்ன பிறகே மனசு ஆறியது. அப்புறம், பஸ் செலவைப் பார்த்து ஃபாலோ-அப்பை விட்டுவிடாதீர்கள். இவனுக்கு இடது கால் விறைப்பாக இருந்ததை அங்கேதான் கண்டுபிடித்தார்கள். உடனே பிசியோதெரபி தொடங்கினோம், இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான்.