சிறுகதையின் முதல் வரிக்கு எப்படிப் பயிற்சி எடுப்பது?

திருமங்கலத்தான்:
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டை வைத்து ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். கமிஷன் கடையில் கணக்கு எழுதுபவன், சொந்த ஊர்க்காரர் கொண்டுவந்த மல்லிக்கே விலையைக் குறைத்துப் போட வேண்டி வருகிறது, அதுதான் கதை. தொடக்கம் இப்படி: “பொழுது இன்னும் விடியவில்லை. மார்க்கெட் பரபரப்பாக இருந்தது. எங்கும் மல்லிகை வாசம்.” படித்தவர்கள் கதை நல்லாயிருக்கு, ஆனால் உள்ளே போக நேரமாகிறது என்கிறார்கள். முதல் வரியை மட்டும் தனியாகப் பழக வழி இருக்கிறதா?

மேலூர் அக்கா:
தம்பி, மூன்று வரியிலும் ஆளே இல்லையே. பூ மார்க்கெட்டில் மல்லி வாசம் அடிப்பது மதுரைக்காரனுக்குப் புதுசா? சங்கடத்தில் மாட்டிக்கொண்டவன் முதல் வரியிலேயே வரட்டும். “உசிலம்பட்டி மூட்டையைப் பார்த்ததும் கணக்குப்பிள்ளை பேனாவை மூடினான்.” ஏன் மூடினான் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா, விடியலும் வாசமும் பின்னால் தானாக வந்து சேரும். பயிற்சி என்றால், இதே சம்பவத்துக்கு 10 முதல் வரி எழுது. ஒன்று பேச்சில் தொடங்கட்டும், ஒன்று பூ கொண்டுவந்தவர் பக்கமிருந்து, இன்னொன்று எல்லாம் முடிந்து அவன் வீட்டுக்குப் போன பிறகு. முதலில் வரும் மூன்று நான்கு யாரும் எழுதக்கூடியதாகத்தான் இருக்கும், அதோடு நிறுத்திவிடாதே.

நூலகவாசி:
நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்க. சிறுகதைத் தொகுப்புகளை எடுத்து ஒவ்வொரு கதையிலும் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு மூடுங்க. மனதில் என்ன கேள்வி எழுந்தது என்று நோட்டில் எழுதிவிட்டு, அப்புறம் கதைக்குள் போய் பதில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பாருங்க. நல்ல எழுத்தாளர்கள் பதிலை எவ்வளவு தூரம் தள்ளிவைக்கிறார்கள் என்று இதில் பிடிபடும்.

பழைய வாசகர்:
அக்கா சொன்னதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. எல்லாக் கதையும் தடாலென்று தொடங்கினால் அலுத்துவிடும். “எங்கள் வீட்டில் யாரும் மல்லி வைத்துக்கொள்வதில்லை” என்று சாவகாசமாகத் தொடங்கலாம், ஒன்றுமே நடக்கவில்லை, ஆனால் சொல்கிறவரின் குரல் பிடித்து நிறுத்துகிறது. இன்னொன்று, உங்கள் கதை எந்த மாதம் நடக்கிறது? பனிக்காலத்தில் வரத்து குறைந்து மல்லி விலை எங்கோ போய்விடும் என்பது ஊருக்கே தெரியும், அதைப் பயன்படுத்துங்கள். “மல்லி கிலோ 2,000-க்குப் போன தை மாதத்தில்தான் அவன் தாய்மாமனுக்கு 900 போட்டான்.” மாதம், விலை, உறவு, துரோகம் எல்லாம் ஒரே வரியில் வந்துவிடுகிறது. ஆனால் இப்படித் தொடங்கினால் அந்த 900-க்குக் கதை பதில் சொல்லியே ஆகவேண்டும், இல்லையென்றால் வாசகர் ஏமாந்துபோவார். அதனால் கதையை முடித்துவிட்டு முதல் வரிக்கு வாருங்கள்.

திருமங்கலத்தான்:
கதையில் அவர் வெறும் ஊர்க்காரர்தான் ஐயா. தாய்மாமனாக மாற்றினால் கதையே இறுகிவிடும் போல, மாற்றிப் பார்க்கிறேன். அக்கா, 10 வரியும் எழுதி இங்கேயே போடுகிறேன், தேறாததைத் தயங்காமல் சொல்லுங்கள்.